தலைவராக எங்கே பழகுவது? கோயில், தொழிற்சங்கம், பேச்சு மன்றம், வசிப்போர் குழு: ஓர் ஒப்பீடு

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம்மவர்கள் நிறைய பேருக்கு அலுவலக ஆண்டு மதிப்பீட்டில் ஒரு வரி வரும்: வேலை நன்றாக இருக்கிறது, தலைமைப் பண்பு இன்னும் வளர வேண்டும். எழுதியவர் அதோடு நிறுத்திக்கொள்வார். எங்கே போய் வளர்ப்பது என்று சொல்ல மாட்டார். கீழே நாலு பேரைக் கொடுத்தால்தான் நடத்திக் காட்ட முடியும். நடத்திக் காட்டினால்தான் நாலு பேரைக் கொடுப்பார்கள். இந்த முடிச்சில் மாட்டிக்கொண்ட, முப்பதை ஒட்டிய வயதுள்ளவர்கள் என்னிடம் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விதான். காசு கட்டி வகுப்புக்குப் போவதா, கோயில் தொண்டூழியத்தில் சேர்வதா, தமிழ்ப் பேச்சு மன்றமா, அல்லது குடியிருப்புப் பேட்டையில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்களே, அக்கம்பக்கத்தார் சேர்ந்து நடத்தும் அந்த வசிப்போர் குழுவா?

வார இறுதி ஒன்றுதான் எல்லோர் கையிலும் இருக்கிறது. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் என்று போனால் எதிலும் பொறுப்பு கிடைக்காது. ஒன்றைத்தான் எடுக்க வேண்டும்.

எதை வைத்து எடை போடுவது

நான் ஐந்து கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன்.

முதலாவது, உங்கள் பேச்சைக் கேட்காமல் போக அங்கே இருப்பவர்களுக்கு முழு உரிமை இருக்கிறதா? சம்பளமும் பதவியும் கையில் இல்லாத இடத்தில் ஒருவர் உங்கள் சொல்லுக்குக் கைகொடுத்தால், அது உங்களை நம்பித்தான். எனக்கு இதுதான் முதல் அளவுகோல்.

இரண்டாவது, தவறு நடந்தால் யாராவது பாதிக்கப்படுவார்களா, அதை நீங்கள் நேரில் பார்ப்பீர்களா? மூன்றாவது, அதே வேலையைச் சீக்கிரத்தில் மறுபடி செய்யும் வாய்ப்பு வருமா? ஒரே தடவை வரும் அனுபவம் பேசிக்கொள்ளத்தான் உதவும். திருத்திச் செய்யும்போதுதான் பழக்கம் படியும். நான்காவது, உங்களைத் திருத்தத் தெரிந்த மூத்தவர் பக்கத்தில் இருக்கிறாரா? ஐந்தாவது, விண்ணப்பப் படிவத்தில் எழுதியிராத செலவு என்ன? விடுப்பு, உறவு, உறக்கம், சில நேரம் அலுவலகத்தில் உங்களைப் பற்றிய எண்ணம், எல்லாமே செலவுதான்.

தேசிய சேவை, அதாவது கட்டாயப் படைச் சேவை, செய்த ஆண்களுக்கு ஒரு சொல். 1967ல் தொடங்கிய அந்த ஏற்பாட்டில், பத்தொன்பது இருபது வயதிலேயே சக வயதுக்காரர்களை வழிநடத்தியவர்கள் நம்மில் பலர் இருக்கிறார்கள். அது பெரிய பயிற்சி, சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே தோளில் இருந்த பட்டை பாதி வேலையைச் செய்துவிட்டது. ஆகவே அவர்கள் முதல் கேள்விக்கு அதிக மதிப்பெண் வாங்கும் களத்தைத் தேட வேண்டும். அந்த வாய்ப்பே கிடைக்காத பெண்களும், பின்னாளில் இங்கு குடியேறியவர்களும் இரண்டாவது கேள்வியைப் பெரிதாக எடுத்துக்கொள்வது நல்லது.

வகுப்பறை

இதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். 25 வயதான சிங்கப்பூரர்களுக்கு அரசின் திறன் பயிற்சித் திட்டமான ஸ்கில்ஸ்ஃபியூச்சரில் 500 வெள்ளி உண்டு. 40 வயதைத் தொட்டவர்களுக்கு 2024 மே மாதம் முதல் மேலும் 4,000 வெள்ளி உண்டு, அதைக் குறிப்பிட்ட சில படிப்புகளுக்குத்தான் பயன்படுத்தலாம். பணத்தடை பெரிதாக இல்லை. ஒரு கூட்டத்தை எப்படி நடத்துவது, குறையை எப்படிச் சொல்வது என்பதற்கு வகுப்பில் நல்ல சொற்கள் கிடைக்கும். ஏற்கெனவே ஒரு குழுவை நடத்திக்கொண்டு திணறுபவருக்கு அது மிகவும் உதவும். குழுவே இல்லாதவருக்கு, நீச்சல் பற்றிய பாடம் மாதிரிதான்.

கோயிலும் பள்ளிவாசலும்

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது பக்தி. உள்ளே போனவர்களுக்குத் தெரியும், சிங்கப்பூரில் தமிழர்கள் நடத்தும் மிகப் பெரிய ஆள் நிர்வாகம் இங்கேதான் நடக்கிறது. தைப்பூசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலில் புறப்படும் பால்குடங்களும் காவடிகளும் நகரத்தின் நடுவே நடந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலை அடைய வேண்டும். முந்தின நாள் இரவில் பால்குடம் ஆரம்பித்துவிடும். சாலைக்கும் இசைக்கும் காவல்துறை நிபந்தனைகள் இருக்கின்றன. காவடி எடுப்பவரோடு குடும்பமே வரும். விரதம் இருந்து, அலகு குத்தி, வெயிலில் நிற்கும் ஒருவரிடம் "கொஞ்சம் பொறுங்கள், முன்னால் நெரிசல்" என்று சொல்ல வேண்டியவர் மஞ்சள் சட்டை போட்ட ஒரு தொண்டூழியர். அவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது. குரல், முகம், சொல்லும் விதம், இவ்வளவுதான் அவரிடம் இருப்பது. "நில்லுங்க" என்று கத்தினால் தகராறு. "அண்ணே, அம்மாவை இந்தப் பக்கம் உட்கார வைங்க, அஞ்சு நிமிஷத்துல உங்களை விட்டுடுறேன்" என்றால் குடும்பமே அமைதியாகிவிடும். அந்த அஞ்சு நிமிஷத்தைச் சொன்னபடி காப்பாற்றவும் வேண்டும்.

முதல் இரண்டு கேள்விகளிலும் இதற்கு இணையான களம் எனக்குத் தெரியவில்லை. மூன்றாவதில்தான் குறை. தைப்பூசம் ஆண்டுக்கு ஒரு முறை. இந்த வருடம் செய்த பிழையைத் திருத்த அடுத்த தை வரை காத்திருக்க வேண்டும். சவுத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் கோயில் தீமிதிக்கும் இதே நிலைதான்.

அதனால்தான் புதியவர்களுக்கு நான் புரட்டாசியைச் சிபாரிசு செய்கிறேன். பெருமாள் கோயிலில் புரட்டாசிச் சனிக்கிழமைகள் நாலு அல்லது ஐந்து, அடுத்தடுத்த வாரங்களில் வரும். அர்ச்சனை வரிசை, அன்னதான வரிசை, செருப்பு வைக்கும் இடம், முதியோர் சக்கர நாற்காலியில் வரும் வழி, எல்லாம் வாரா வாரம் திரும்ப வரும். முதல் சனிக்கிழமை அன்னதான வரிசை அர்ச்சனை வரிசையோடு முட்டிக்கொண்டால், இரண்டாவது சனிக்கிழமை திருப்பிவிட்டுப் பார்க்கலாம், மூன்றாவதில் சரிசெய்துவிடலாம். விளம்பரம் இல்லாத இந்தச் சனிக்கிழமைகளில் ஒரு வரிசைக்குப் பொறுப்பெடுத்தவர் ஒரு மாதத்தில் கற்பது, தைப்பூசத்தில் பல வருடம் கூட்டத்தோடு கூட்டமாக நின்றவர் கற்பதைவிட அதிகம் என்பது என் கணிப்பு.

தமிழ் முஸ்லிம்களுக்கு இதைவிடவும் கறாரான களம் ஒன்று இருக்கிறது: நோன்புக் கஞ்சி. ரமலான் முழுவதும் தினமும் அண்டாவில் கஞ்சி காய்ச்சி, பிற்பகலில் பொட்டலமாக வீடுகளுக்கும் கொடுத்து, நோன்பு திறக்க வருபவர்களுக்கும் எடுத்து வைக்க வேண்டும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊரில் சூரியன் வருடம் முழுக்க ஏழு மணியை ஒட்டித்தான் மறையும். அந்தக் கெடுவில் ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போட முடியாது. காலையில் அரிசி ஊறவைக்க வேண்டியவர் வரவில்லையென்றால் மாலைக்குள் அது தெரிந்துவிடும். வேலை செய்பவர்களே நோன்பு நோற்றுக்கொண்டு செய்கிறார்கள். களைத்த ஆட்களைக் கடிந்துகொள்ளாமல் நடத்தும் கலையை வேறு எங்கும் இவ்வளவு சீக்கிரம் கற்க முடியாது. மறுநாள் மறுபடி அதே அண்டா. மூன்றாவது கேள்விக்கு முழு மதிப்பெண்.

செலவுக்கு வருவோம். தைப்பூசம் 1968ல் பொது விடுமுறைப் பட்டியலில் இருந்து நீங்கியது. ஆகவே வார நாளில் வந்தால் ஆண்டு விடுப்பில் கை வைக்க வேண்டும், அதற்கு முந்தின இரவு தூக்கமும் போகும். இன்னொரு செலவு மெதுவாகத் தெரியும். மூத்தவர்கள் முப்பது வருடமாக ஒரு விதத்தில் செய்து வந்திருப்பார்கள், புதியவர் யோசனை சொன்னால் உடனே எடுபடாது. இரண்டு வருடம் தண்ணீர்ப் போத்தல் தூக்கியவரின் யோசனைக்குத்தான் காது கிடைக்கும். பொறுமை இல்லாதவருக்கு இது சலிப்பாக இருக்கும். ஆனால் அந்த மூத்தவர்களில் ஒருவர் உங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால், நான்காவது கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது.

தொழிற்சங்கக் கிளை

நம்மவர்கள் இதை யோசிப்பதே இல்லை. எனக்கு அது வருத்தம், ஏனென்றால் இந்த நாட்டின் பொதுவாழ்வில் தமிழர்களுக்கும் மலையாளிகளுக்கும் தொழிற்சங்கம் போல வாசல் திறந்த இடம் வேறு இல்லை. மூன்றாவது அதிபர் தேவன் நாயர் ஆசிரியராக இருந்து தொழிற்சங்கத்துக்கு வந்தவர். 1961ல் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் உருவானதில் முன்நின்றவர். ஆறாவது அதிபர் எஸ். ஆர். நாதனின் பாதை இன்னும் கவனிக்கத்தக்கது. சிறுவயதிலேயே படிப்பு நின்று, வீட்டை விட்டுப் போனவர். வேலை பார்த்துக்கொண்டே படித்து முடித்து, 1950களில் மருத்துவமனைச் சமூகப் பணியாளர், பிறகு கப்பல் தொழிலாளர் நல அதிகாரி, 1962 முதல் தொழிற்சங்கங்களுக்கான ஆய்வுப் பிரிவு என்று போனார். 1974ல் ஆயுதம் ஏந்தியவர்கள் லாஜு என்ற படகைக் கடத்தினார்கள். அவர்களோடு குவைத் வரை விமானத்தில் போக 13 பேர் கொண்ட சிங்கப்பூர்க் குழு கிளம்பியபோது, அதற்குத் தலைமை தாங்கியவர் அவர்தான். அன்று அவர் தற்காப்பு அமைச்சின் உயர் அதிகாரி. ஆனால் கோபத்தில் இருக்கும் மனிதர்களோடு ஒரே அறையில் உட்கார்ந்து பேசும் பழக்கம் அவருக்குக் கப்பல் தொழிலாளர்களிடமும் தொழிற்சங்க ஆட்களிடமும் தொடங்கியது என்றே நான் நினைக்கிறேன்.

கிளைப் பொறுப்பில் நடப்பது இதுதான்: ஓர் உறுப்பினர் குறையோடு வருவார். பாதி உண்மை, பாதி ஆத்திரம். அதைப் பிரித்து எடுத்து, நிர்வாகத்திடம் அவர் சார்பில் பேசி, கிடைத்ததையும் கிடைக்காததையும் அவரிடமே வந்து சொல்ல வேண்டும். கேட்டது கிடைக்கவில்லை என்று நேரில் சொல்வது கடினமான வேலை. அதற்கு வகுப்பறைப் பாடம் போதாது. பொறுப்பாளர்களை ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் சரியாகச் செய்யாதவர் அடுத்த தேர்தலில் தெரிந்துகொள்வார். படிப்பு வசதியும் இருக்கிறது: முன்னாள் அதிபர் ஓங் டெங் சியோங் பெயரில் தொழிற்சங்கத் தலைவர்களுக்கென்றே ஒரு பயிற்சிக் கழகம் நடக்கிறது.

மறைவான செலவு: உங்கள் மேலாளர் உங்களைப் பார்க்கும் விதம் மாறலாம். இங்கே அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்து பேசும் முத்தரப்பு முறை இருப்பதால் பகைமை குறைவுதான், இருந்தாலும் சின்ன நிறுவனத்தில் அந்த மாற்றத்தை உணர்வீர்கள். இன்னொன்று, சிங்கப்பூர்க் குடியுரிமை இல்லாதவர்கள் உறுப்பினராகலாம், அமைச்சரின் அனுமதி இல்லாமல் பொறுப்பாளராக முடியாது. உங்கள் நிறுவனத்தில் சங்கமே இல்லையென்றால் இந்த வழி உங்களுக்கு மூடியதுதான்.

தமிழ்ப் பேச்சு மன்றம்

பேச்சுப் பயிற்சிக்கான உலக அமைப்பான டோஸ்ட்மாஸ்டர்ஸ் முறையில் தமிழிலேயே நடக்கும் மன்றங்கள் இங்கே இருக்கின்றன. நான்காவது கேள்வியில் இவற்றை அடிக்க ஆளில்லை. நீங்கள் பேசி முடித்ததும் ஒருவர் எழுந்து இரண்டு மூன்று நிமிடத்தில் எது நன்றாக இருந்தது, எது இல்லை என்று எல்லார் முன்னிலையிலும் சொல்வார். இன்னொருவர் நேரத்தைக் குறிப்பார். வேறொருவர் நீங்கள் எத்தனை முறை "வந்து, வந்து" என்று இழுத்தீர்கள் என்று எண்ணிச் சொல்வார். கையில் குறிப்பு இல்லாமல் கொடுத்த தலைப்பில் ஓரிரு நிமிடம் பேசும் பகுதி, அலுவலகக் கூட்டத்தில் திடீரென்று கேள்வி கேட்டால் தடுமாறுபவர்களுக்கு மருந்து. அதைவிட, மற்றவர் பேச்சை மனம் புண்படாமல் விமர்சிக்கப் பழகுவது, அதற்காகவே சேரலாம்.

ஆனால் நன்றாகப் பேசுவதும் நடத்துவதும் வேறு வேறு. மேடைப் பேச்சில் பரிசு வாங்கிவிட்டு, நாலு பேரை ஒரு வேலைக்கு ஒன்றுசேர்க்கத் தெரியாதவர்கள் உண்டு. மன்றத்தில் சேர்ந்தால் பேச்சோடு நிற்காமல் செயற்குழுவுக்குப் போக வேண்டும். கல்விக்கான துணைத் தலைவர் பொறுப்பு கிடைத்தால் விடாதீர்கள். யார் எப்போது பேசுவது, யார் பின்தங்குகிறார், யாரை ஊக்கப்படுத்துவது என்று ஆட்களைக் கவனிக்கும் வேலை அது. ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவுக்கு உங்கள் அமைப்பு ஒரு நிகழ்ச்சி நடத்தினால், அதன் ஏற்பாட்டில் முதுகை வளைத்து வேலை செய்யுங்கள்.

குறை என்னவென்றால், தவறினால் யாருக்கும் பெரிதாக வலிக்காது. எல்லோரும் தமிழர், அநேகமாக ஒரே வகைப் படிப்பு, கைதட்டும் மனநிலை. பாதுகாப்பான இடம். கூச்சம் உள்ளவருக்கு முதல் படியாக மிகப் பொருத்தம், கடைசிப் படியாகப் போதாது.

வசிப்போர் குழுவும் பேட்டைப் பணியும்

வசிப்போர் குழுக்கள் 1978ல் தொடங்கின. இந்திய நற்பணிச் செயற்குழுக்கள் சமூக மன்றங்களோடு சேர்ந்து இயங்குகின்றன. இவற்றின் பெரிய பலம், ஆட்கள் கலந்திருப்பது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி புளோக்கில் சீனப் பாட்டியிடமும் மலாய்ப் பக்கத்து வீட்டாரிடமும் பேசி ஒரு காரியத்தை முடிப்பவர் பிறகு எந்த அலுவலகக் குழுவையும் நடத்துவார். அதோடு, கதவைத் தட்டினால் திறக்காமல் இருக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு.

ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். சில குழுக்களில் வேலை என்பது கூட்டத்தில் உட்கார்வது, விருந்தில் நாற்காலி போடுவது, படம் எடுத்துக்கொள்வது என்றே நின்றுவிடுகிறது. பத்து வருடம் இருந்தும் ஒரு முடிவுகூட எடுக்காதவர்கள் உண்டு. ஆகவே சேரும்போதே ஒரு வேலையைக் கேட்டு வாங்குங்கள். தனியாக இருக்கும் முதியவர்களைப் பார்த்து வருவதோ, ஒரு தீபாவளி நிகழ்ச்சியின் வரவுசெலவோ, முழுப் பொறுப்பும் உங்களிடம் இருக்க வேண்டும்.

நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பில் கடிதம் எழுதும் தொண்டூழியம் இன்னொரு வகை. வாடகை கட்ட முடியாதவர், வேலை அனுமதிச் சிக்கலில் இருப்பவர், மருத்துவச் செலவில் மூழ்கியவர் என்று ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். பத்து நிமிடத்தில் கேட்டு, விஷயத்தைப் பிடித்து, எந்த அமைப்புக்கு என்ன கேட்டு எழுதுவது என்று முடிவுசெய்ய வேண்டும். ஆங்கிலம் வராத தமிழ்ப் பெரியவருக்கு நீங்கள்தான் குரல். இது கட்சி சார்ந்த பணி என்பதைத் தெரிந்துகொண்டு சேர வேண்டும். அரசு வேலையில் இருப்பவர்கள் முதலில் விதிகளைப் பார்த்துக்கொள்வது நல்லது. மனச்சுமை வீடுவரை வரும், அதுதான் இதன் செலவு.

கூட்டுரிமை வீட்டு நிர்வாகக் குழு

கூட்டுரிமை வீடு என்பது காண்டோமினியம்; சொந்தமாக அப்படியொரு வீடு இருந்தால் மட்டும் இது. 2004ம் ஆண்டுச் சட்டப்படி குழுவில் அதிகபட்சம் 14 பேர். வாடகைக்கு இருப்பவர் நிற்க முடியாது. கட்டடப் பராமரிப்புக்கான சேமநிதி, ஒப்பந்தக்காரர்கள், மின்தூக்கி, கார் நிறுத்தம் என்று நிஜப் பணம் கையாளும் முடிவுகள். வீட்டின் உட்கூரையில் தண்ணீர் கசிந்தால் அது மேல்வீட்டிலிருந்து வந்ததாகவே சட்டம் முதலில் கொள்ளும். அந்தச் சண்டையில் இரண்டு வீட்டாரையும் உட்காரவைத்துப் பேசுவது நல்ல பயிற்சி. செலவு: கோபித்துக்கொண்டவரை மறுநாள் காலை மின்தூக்கியில் பார்க்க வேண்டும், அதற்கடுத்த நாளும். நிதி அறிக்கை படிக்கத் தெரிந்து, ஆனால் மோதலைக் கண்டு ஒதுங்கும் சுபாவம் உள்ளவருக்கு இதைச் சொல்வேன்.

ஒரு பார்வையில்

| களம் | கேட்க மறுக்கும் உரிமை | தவறின் விளைவு | மறுவாய்ப்பு | திருத்துபவர் | மறைவான செலவு |
|---|---|---|---|---|---|
| வகுப்பறை | இல்லை | இல்லை | இல்லை | பயிற்றுநர் | குறைவு |
| தைப்பூசம், தீமிதி | முழுதாக உண்டு | உடனே, கண்முன்னே | ஆண்டுக்கு ஒன்று | மூத்தவர் வாய்த்தால் | விடுப்பு, தூக்கம், காத்திருப்பு |
| புரட்டாசி, நோன்புக் கஞ்சி | முழுதாக உண்டு | அன்றே | வாரந்தோறும், தினந்தோறும் | மூத்தவர் வாய்த்தால் | ஒரு மாதம் குடும்ப நேரம் |
| தொழிற்சங்கக் கிளை | உண்டு | ஒருவரின் பிழைப்பு | அடிக்கடி | உறுப்பினர்களின் வாக்கு | மேலாளரின் பார்வை |
| பேச்சு மன்றம் | ஓரளவு | குறைவு | அடிக்கடி | எப்போதும் உண்டு | பாராட்டில் திருப்தியடைதல் |
| பேட்டைப் பணி | முழுதாக உண்டு | வேலையைப் பொறுத்தது | உண்டு | அரிது | மனச்சுமை, வீண் கூட்டங்கள் |
| கூட்டுரிமைக் குழு | உண்டு | பணம், அக்கம்பக்கம் | உண்டு | அரிது | பகை |

யாருக்கு எது

பேசவே நா எழவில்லை என்றால் பேச்சு மன்றம், ஒரு வருடம், அதோடு வெளியே வந்துவிடுங்கள். பேச்சு வரும், ஆனால் ஆட்கள் பின்னால் வருவதில்லை என்றால் கோயில் வரிசை அல்லது கஞ்சி அண்டா. ஆட்கள் வருகிறார்கள், ஆனால் கெட்ட செய்தியைச் சொல்ல முடியவில்லை, மேலே இருப்பவரிடம் வாதாட வரவில்லை என்றால் தொழிற்சங்கம்; எந்த வாதமும் இல்லாமல் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். தமிழர் அல்லாதவரோடு பழகக் கூச்சம் என்றால் பேட்டைப் பணி. வேலை அனுமதியில் இருப்பவருக்குத் தொழிற்சங்கப் பொறுப்பு கிடைப்பது அரிது. கோயில், பள்ளிவாசல், பேச்சு மன்றம் மூன்றும் திறந்திருக்கும். கைக்குழந்தை உள்ள வீட்டில் மக்கள் சந்திப்பு நடக்கும் மாலை நேரமும் தைப்பூச இரவும் சரிப்படாது; புரட்டாசிச் சனிக்கிழமை காலை சரிப்படும், குழந்தையையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

எதில் சேர்ந்தாலும் ஆறு மாதம் கழித்து ஒன்றைப் பாருங்கள்: நீங்கள் எடுத்த முடிவு ஒன்றாவது சொல்ல முடிகிறதா? முடியவில்லையென்றால் பொறுப்பாளரிடம் நேராகப் பேசுங்கள். அப்புறமும் மாறாவிட்டால் நன்றி சொல்லிவிட்டு விலகலாம், அதில் தப்பில்லை.

போய்க் கேட்கும் காலமும் முக்கியம். தைப்பூசத்துக்குத் தீபாவளி முடிந்ததுமே கேட்க வேண்டும். தை பிறந்த பிறகு போனால் போத்தல் தூக்கும் வேலைதான் மிச்சமிருக்கும். புரட்டாசிக்கு ஆகஸ்ட் மாதம். நோன்புக் கஞ்சிக்கு ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்த்துவிடுங்கள். டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களின் ஆண்டு ஜூலை 1ல் தொடங்குவதால் ஏப்ரல், மே மாதங்களில் விருந்தினராகப் போய் உட்கார்ந்தால், செயற்குழுவில் எந்த இடம் காலியாகிறது என்று தெரிந்துவிடும். தொழிற்சங்கத்துக்கு மட்டும் காலம் பார்க்க வேண்டாம். உங்கள் தளத்தில் கிளைச் செயலாளர் யார் என்று விசாரித்து, மதிய உணவுக்கு அவரோடு போய் உட்காருங்கள்.